கருவிக்கும் மூச்சு வேண்டும்

விழாமலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபோது, அவர்கள் எதிர்பார்த்தது கம்பனைப் பற்றியோ கண்ணகி வழிபாட்டைப் பற்றியோ சில பக்கங்களாகவே இருந்திருக்கும். மின்கருவிகளையும் வைத்தியக் கருவிகளையும் பற்றித் தமிழாசிரியர் எழுதுவதா என்று நகைப்போர் நகைக்கலாம். காரைதீவிற் பிறந்து, விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பட்டமும் ஒருங்கே பெற்று, யாழின் நரம்பைக் கணக்கிட்டு ஆராய்ந்த விபுலானந்த அடிகளார் வாழ்ந்த நாட்டில் அந்த நகைப்புக்கு அதிக இடமில்லை என்பது எமது துணிபு. மேலும், நெடுங்கணக்கில் ஒரு தொகுதிக்கு உயிர் என்றும் மற்றொன்றுக்கு மெய் என்றும் பெயரிட்டவர் நம் முன்னோர். உயிர் சேராத மெய் தானாக இயங்காது என்பது முதல் வகுப்புப் பாடம். யாம் இங்கு சொல்ல வந்ததும் ஏறக்குறைய அதுவே.

யூபிலி ஆண்டென்றால் நன்கொடை வரும் ஆண்டு. கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வாழும் பழைய மாணவர்கள் தாய்க் கல்லூரியை மறவாது, கணினியும் ஒளித்திரையும் ஒலிபெருக்கியும் அனுப்புகின்றனர். வைத்தியர்களாய் விளங்குவோர் கிராமத்து வைத்தியசாலைகளுக்கு இரத்த அமுக்கமானி, ஒட்சிசன் செறிவாக்கி, முதியோருக்கான கேட்டற் கருவி முதலியவற்றை வாங்கி உதவுகின்றனர். வாங்குமுன் விலையை விசாரிக்கின்றனர். உற்பத்தியாளர் பெயரை விசாரிக்கின்றனர். உத்தரவாத காலத்தை விசாரிக்கின்றனர். நமது ஊர் வாவிக்கரை என்பது நினைவில் இருப்பதால், "தண்ணீர் புகாதா?" என்றும் கேட்கின்றனர். இந்தக் கடைசிக் கேள்வி நல்ல கேள்வி. ஆயினும் பாதிக் கேள்வி. மற்றப் பாதி, "இக்கருவி எவ்வழியே மூச்சு விடுகின்றது?" என்பது. அதனைக் கேட்பார் அரியர். கேளாமையால் வரும் இழப்பை நாம் ஆண்டுதோறும் களஞ்சிய அறைகளில் அடுக்கி வைத்துள்ளோம்.

நமது நாட்டின் காற்றை முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். எழுவான்கரை என்பது ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக நீண்டு கிடக்கும் மணற்றரை. வாவியோ ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடையது. கார்த்திகை தொடங்கித் தை வரை வாடையோடு வரும் மழை நம்மை நனைக்கின்றது. நடுக்கோடையிற் கச்சான் காற்று மேற்கிலிருந்து அனலாய் வீசிப் படுவான்கரைப் புழுதியையும் சேர்த்துக் கொண்டு வருகின்றது. கடற்காற்று ஆண்டு முழுவதும் நுண்ணிய உப்பைச் சுமந்து வந்து கதவுப் பூட்டிலும் ஜன்னற் கம்பியிலும் பூசிச் செல்கின்றது. இந்த உப்புக்கு ஒரு குணமுண்டு. காற்றின் சாரீரப்பதன் நூற்றுக்கு 75 என்ற அளவைக் கடந்தால், உப்பு அக்காற்றிலிருந்தே நீரை உறிஞ்சித் தானே கரைந்து உவர்நீராகிவிடும். இதனை அறிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. மாரிகாலத்துச் சமையலறையில் உப்புச்சாடியைத் திறந்து பார்த்த எந்தத் தாயும் அறிவாள். பகலில் தூளாய்க் கிடந்த உப்பு இரவில் நீராகின்றது. மறுநாள் மீண்டும் காய்கின்றது. மின்சுற்றுக்களைக் கொண்ட ஒரு கருவிக்கு இதனிலும் கொடிய பகை வேறொன்றில்லை.

அப்படியாயின் கருவியை இறப்பர் வளையமிட்டு இறுக மூடிவிட்டாற் போதாதா? போதாது என்பதே இக்கட்டுரையின் உயிர்நிலை. வீட்டு முகப்பிற் பூட்டப்பட்ட ஒரு பாதுகாப்புக் கமெராவை எடுத்துக் கொள்வோம். உச்சி வெயிலில் அதன் பெட்டியினுள் உள்ள காற்று 60 பாகை செல்சியசு வரை சூடேறி விரிகின்றது. விரிந்த காற்று வளையத்தின் இடுக்குகள் வழியே சிறிது சிறிதாக வெளியேறுகின்றது. பிற்பகல் திடீரென்று மழை கொட்டி அப்பெட்டியை 25 பாகைக்குக் குளிர்விக்கின்றது. உள்ளே எஞ்சிய காற்றுச் சுருங்க, வெளிக்காற்றைவிட உள்ளமுக்கம் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகின்றது. பத்தில் ஒரு பங்குதானே என்று எண்ணலாகாது. அது ஒரு மீற்றர் உயர நீர்நிரலின் அமுக்கத்துக்குச் சமம். அஃதாவது, சுவரிலே தொங்கும் அந்தக் கமெரா, ஒரு மீற்றர் ஆழத்தில் வாவியினுள் அமிழ்த்தப்பட்டாற்போல மழைநீரைத் தன்னுள் உறிஞ்சுகின்றது. வளையத்தின் மேல் தங்கி நிற்கும் ஓரிரு துளிகளே அதற்குப் போதும். உட்புகுந்த நீர் மறுநாள் ஆவியாகும். ஆயின் வெளியேற வழியில்லை. இரவு மீண்டும் கண்ணாடியிற் பனித்து, மெல்ல மெல்லச் செம்பையும் ஈயத்தையும் அரிக்கும். இறுக மூடுதல் என்பது பல வேளைகளில் நீரை உள்ளே சிறைவைத்தலாகவே முடிகின்றது.

மின்சாரப் பொறியியலாளர் இதனை நெடுங்காலமாக அறிவர். பெரிய நிலைமாற்றிகளின் பக்கத்தில் நீல மணிகள் நிறைந்த கண்ணாடிக் குடுவை ஒன்று தொங்குவதைச் சிலர் கண்டிருப்பீர்கள். நிலைமாற்றியின் எண்ணெய் சுமையேற விரிந்து, இரவிற் சுருங்குகின்றது. அப்போது அது இழுக்கும் காற்று அக்குடுவையிலுள்ள சிலிக்கா மணிகளினூடே ஈரம் நீங்கி உட்செல்கின்றது. நீல மணி இளஞ்சிவப்பானால் ஈரம் நிறைந்துவிட்டது, மாற்றவேண்டும் என்பது குறிப்பு. நீலநிறம் கோபாற்று உப்பினால் வருவது. அது உடலுக்குத் தீங்கு பயப்பதென்று கண்டு, இப்பொழுது செம்மஞ்சளிலிருந்து பச்சையாக மாறும் மணிகளும் வந்துள்ளன. நிலைமாற்றியின் பக்கத்தில் ஒரு குடுவையைத் தொங்கவிடலாம். சட்டைப் பையிலிடும் தொலைபேசிக்கும் காதுக்குப் பின்னால் வைக்கும் கருவிக்கும் என் செய்வது?

காற்றும் நீராவியும் போகவேண்டும்; நீர்த்துளி மட்டும் போகலாகாது. கேட்கும்போது இது முரண்போலத் தோன்றும். நமது தயிர்ச்சட்டியை நினைக்க. மட்டக்களப்புத் தயிர் கத்தியால் வெட்டத்தக்கதாய் இறுகுவதன் இரகசியம், சுட்ட மண்ணின் நுண்டுளைகள் தயிரின் நீரை உறிஞ்சிக் கொள்வதே. மண்சட்டி மூச்சு விடும். ஆனால் நீரையும் விட்டுவிடும். குளத்திலுள்ள தாமரையிலையோ நீரை ஒட்டவிடாது முத்தாக உருட்டிவிடும். சட்டியின் துளையும் தாமரையிலையின் நீரொட்டாப் பண்பும் ஒரே பொருளில் அமையவேண்டும். அவ்வாறு அமைந்த பொருள் மனிதன் கைக்கு வந்த கதை சுவையானது.

1938 ஏப்பிரல் 6ஆம் நாள், அமெரிக்க நியூஜேர்சியில் டியூபொண்ட் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் ரோய் பிளங்கெற் என்னும் இளம் இரசாயனர் வாயு உருளை ஒன்றைத் திறந்தார். வாயு வரவில்லை, உருளையின் நிறையோ குறையவுமில்லை. அறுத்துப் பார்த்தபோது உள்ளே மெழுகு போன்ற வெண்டூள் இருந்தது. எதனோடும் ஒட்டாத, எந்த அமிலத்துக்கும் எளிதில் அசையாத அந்தப் பொருளே, இன்று நம் அடுக்களைச் சட்டிகளிற் பூசப்படும் டெப்லோன். அதற்கு 31 ஆண்டுகள் கழித்து, 1969இல், பொப் கோர் என்பவர் அப்பொருளின் கோல்களைச் சூடாக்கி நீட்ட முயன்றார். மெல்ல மெல்ல இழுத்தபோதெல்லாம் கோல் முறிந்தது. சலிப்புற்று ஒருநாள் வெடுக்கென இழுத்தார். கோல் முறியாது எட்டு மடங்கு மேலதிகமாக நீண்டது! நீண்ட அப்பொருளின் கனவளவில் நூற்றுக்கு எழுபது பங்கு வெறுங்காற்று; எஞ்சியது சிலந்தி வலைபோன்ற நுண்ணிழைகளின் பின்னல். இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, நியூசிலாந்தில் ஜோன் குரொப்பர் என்பவரும் இப்பொருளை நீட்டும் இயந்திரத்தை அமைத்திருந்தார். அதனை அவர் தொழில் இரகசியமாகவே பேணினார். ஆதலின் காப்புரிமையும் புகழும் கோரைச் சேர்ந்தன. ஏட்டுச்சுவடியைப் பேழையுட் பூட்டிவைத்த நம்மூர்ப் பரம்பரைகளை இது நினைவூட்டுகின்றது.

இந்த மென்சவ்வின் நுண்டுளை நீராவியின் மூலக்கூற்றைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரிது. மழைத்துளியைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறிது. ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்திலொரு பங்கு விட்டமுள்ள துளையொன்றினுள், நீரை வெறுக்கும் இப்பொருளில், நீரைப் புகுத்துவதற்கு ஏறக்குறைய 10 மீற்றர் ஆழத்து அமுக்கம் வேண்டும். துளையை இருமடங்கு பெரிதாக்கினாற் காற்று தாராளமாகப் போகும்; ஆனால் ஐந்து மீற்றர் ஆழமே நீரைப் புகுத்தப் போதுமானதாகிவிடும். காற்று மிகுதியும் வேண்டும், காப்பும் மிகுதியும் வேண்டும் என்று ஒருங்கே கேட்பார்க்குக் கிடைக்கும் ஒரே விடை, துளையைச் சிறிதாக்கிச் சவ்வின் பரப்பைப் பெரிதாக்குக என்பது.

இச்சவ்வு ஒலியையும் கடத்தும் என்பதை வாவிக்கரையார்க்குச் சொல்லாது விடுதல் தகாது. நிலாக்காலத்திற் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து மீன்பாட்டைக் கேட்டவர்கள் நம் முன்னோர். எமேர்சன் ரெனன்ற் என்னும் குடியேற்றநாட்டுச் செயலாளரும் அவ்வொலியைக் கேட்டுத் தமது 1859ஆம் ஆண்டு நூலில் எழுதிவைத்தார். நீர் தடுக்கும் தொலைபேசிகள் பலவற்றில், பேச்சை வாங்கும் சிறு துளையின் பின்னே இத்தகைய மென்சவ்வே உள்ளது. சவ்வு பறைத்தோல்போல அதிர்ந்து ஒலியை உள்ளே அனுப்புகின்றது. நீரை வெளியே நிறுத்துகின்றது. அத்துளையிற் புழுதி அடைத்துவிட்டதென்று குத்தூசியால் நோண்டும் வழக்கம் நம்மிடையே பரவியுள்ளது. ஒரு குத்து, சவ்வு கிழிந்தது. பின்னர் அடுத்த மழையில் தொலைபேசி மடிந்தால் உற்பத்தியாளனை வைது பயன் என்ன? தொலைபேசி திருத்தும் தொழில் செய்யும் எம் பழைய மாணவர் ஒருவர், மழைக்காலத்தில் தம்மிடம் வருவனவற்றுட் பல இவ்வாறு குத்துண்டவை என்று கூறக் கேட்டோம்.

இனி, உயிரோடு தொடர்புடைய கருவிகளைப் பார்ப்போம். கேட்டற் கருவிகள் பலவற்றிலுள்ள பொத்தான் பற்றரியின் மேல் ஒட்டுத்தாள் ஒன்று இருக்கும். அதனை உரித்தபின் பற்றரி உயிர்க்கின்றது. துத்தநாகத்தோடு காற்றிலுள்ள ஒட்சிசன் சேர்வதாலேயே மின் பிறக்கின்றது. அதற்கென அப்பற்றரியின் முகத்தில் ஊசித்துளைகள் உள. ஈரம் புகலாகாதென்று அக்கருவியை முற்றாக மூடினால், ஈரத்தால் அல்ல, மூச்சின்றியே அது மடியும். நமது சங்கத்து மூத்தோர் சிலர் கருவியைப் பொலித்தீன் பையிற் சுற்றி வைப்பதைக் கண்டுள்ளோம். அவர்கள் இரவில் அதனைச் சிலிக்கா மணிகளோடு ஒரு டப்பாவில் இடுவார்களாக. ஆனால் பற்றரியைக் கழற்றிவிட்டு இடுக.

சேலைன் ஏற்றும் கண்ணாடிப் போத்தலை நோக்குக. நீர் இறங்க இறங்கப் போத்தலின் மேற்பகுதியில் வெற்றிடம் தோன்றும். காற்று உட்செல்லாவிடில் துளி விழுதல் நின்றுவிடும். ஆகவே குழாயின் தலைப்பிற் காற்றுவழி ஒன்று வைத்து, கிருமியும் புகாது மருந்தும் ஒழுகாதிருக்க அதன் வாயில் நீரை வெறுக்கும் சவ்வைப் பொருத்துகின்றனர். மடிந்து சுருங்கும் பிளாஸ்ரிக் பைகளுக்கு இது வேண்டியதில்லை. சிறுநீரக நோயாளரின் குருதியைச் சுத்திகரிக்கும் இயந்திரத்திலோ இச்சவ்வின் பொறுப்பு இன்னும் பெரிது. குருதிக் குழாயின் அமுக்கத்தை இயந்திரம் அறிய வேண்டும். குருதியோ இயந்திரத்தைத் தீண்டலாகாது, தீண்டின் ஒருவர் நோய் மற்றவரைத் தொற்றும். இரண்டுக்கும் நடுவே நாணயமளவு வட்டத்தில் நிற்பது அந்த வெண்சவ்வு ஒன்றே. அது நனைந்துவிட்டாற் காற்று ஊடுசெல்லாது. இயந்திரம் காட்டும் அமுக்கமும் பிழைக்கும். நனைந்ததை உடனே மாற்றவேண்டும் என்பது விதி. மாற்றுவதற்கு மற்றொன்று கைவசம் இருக்க வேண்டும் என்பது விதியிற் சொல்லப்படாத விதி. இயந்திரத்தை அன்பளிப்புச் செய்து புகைப்படம் எடுப்போர், அச்சிறு வட்டங்களிலும் சில நூற்றை உடன் அனுப்பினால் என்ன?

டெப்லோன் சவ்வே எங்கும் சிறந்ததென்று யாம் கூறுவதாக எண்ணற்க. ஒரு நோய்க்கான மருந்து மற்றொரு நோய்க்கு ஆகாதன்றோ? டெப்லோன் 260 பாகை வரை சூட்டைத் தாங்கும். ஆதலின் 121 பாகை நீராவியிற் கிருமி நீக்கப்படும் கருவிக்கு ஏற்றது. ஆயின் காமாக் கதிர்களால் அது நொறுங்கிப் பலம் இழக்கும். கதிரூட்டிக் கிருமி நீக்கும் பொருள்களுக்கு வேறு சவ்வைத் தேடல் வேண்டும். டியூபொண்டில் 1955இற் கண்ணிற்பட்டு 1967இற் சந்தைக்கு வந்த டைவெக் என்பது பொலித்தீன் நுண்ணிழைகளால் ஆன தாள் போன்றது. வைத்திய உபகரணப் பொதிகளின் ஒருபுறம் வெள்ளைத் தாள்போல் இருப்பது பெரும்பாலும் அதுவே. எதிலீன் ஒட்சைட்டு என்னும் நச்சுவாயு அதனூடே புகுந்து கிருமிகளைக் கொன்று, மீண்டும் அதனூடே வெளியேறும். கிருமி புக முடியாது. ஆனால் அது ஏறத்தாழ 135 பாகையில் உருகுவது. கொதிநீராவியில் நெடுநேரம் இடத்தக்கதன்று. வெண்கலத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்யும் மூச்சுவாயில் அடியையும் உதையையும் தாங்கும். பெரிய இயந்திரங்களுக்கு நன்று. நமது கரையிலோ உவர்க்காற்றுப் பட்டுப் பச்சை பூத்து அதன் துளைகள் அடைபடும். இவ்விடத்துக்கு அதனை யாம் பரிந்துரையோம்.

இன்னொன்று, வைத்தியசாலைத் தாதியர் நன்கறிய வேண்டியது. நீரை வெறுக்கும் சவ்வு எல்லாத் திரவத்தையும் வெறுப்பதன்று. சவர்க்கார நீர், மதுசாரம், எண்ணெய் ஆகியவற்றின் பரப்பிழுவிசை நீரினும் குறைவு. ஆதலின் அவை துளையினுள் எளிதிற் பரவிப் புகும். பரவியபின் நீரும் பின்தொடரும். கருவியைத் துடைக்கும்போது மூச்சுவாயிலின்மேல் மதுசாரத்தைத் தெளித்தல் கதவைத் திறந்துவிடுதல் போலாகும். எண்ணெயையும் வெறுக்குமாறு மேற்பூச்சிட்ட சவ்வுகள் உண்டு; விலை சற்று அதிகம். துடைத்தல் தவிர்க்க முடியாத இடங்களில் அவ்விலையைக் கொடுக்கவே வேண்டும். இவ்வகைப் பொருள்களின் உற்பத்தியிற் பயன்பட்ட புளோரீன் சேர்வை ஒன்று நீரிலும் உடலிலும் அழியாது தங்கித் தீங்கு செய்வதாகக் கண்டு, 2019இல் ஸ்ரொக்கோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலிற் சேர்த்துள்ளனர் என்பதையும் மறைத்தல் ஆகாது. சமையற்சட்டியில் அதற்கு மாற்று எளிது. குருதி இயந்திரத்தில் அத்துணை எளிதன்று. தேவையற்ற இடத்தில் விலக்கி, தேவையான இடத்தில் ஏற்பதே எமது கட்சி.

பெட்டியின் மேல் ஐபி 67 என்று எழுதியிருப்பதைக் காட்டி விற்பனையாளர் நம்மைத் திருப்திப்படுத்துவர். அவ்வெண்ணில் முதலிலக்கம் புழுதியைப் பற்றியது. இரண்டாமிலக்கம் நீரைப் பற்றியது. ஏழு என்றால் ஒரு மீற்றர் ஆழ நீரில் அரைமணி நேரம் தாங்கியது என்பது பொருள். அந்த நீர் நன்னீர். சோதிக்கப்பட்ட கருவி புதியது. ஐந்தாண்டு வெயிலில் இறப்பர் வளையம் இறுகிய கருவிக்கும், உப்புப் படிந்த சவ்வுக்கும் அவ்வெண் சாட்சி சொல்லாது. ஆகவே நன்கொடையாளர் கேட்க வேண்டியது: மூச்சுவாயில் எங்குள்ளது, அதன் சவ்வு எதனால் ஆனது, உவர்க்காற்றிற் சோதிக்கப்பட்டதா, தனியே கழற்றி மாற்றலாமா, உதிரிச்சவ்வு எத்துணை காலம் கிடைக்கும். இவற்றுக்கு எழுத்தில் விடை தராத விற்பனையாளரிடம், விலை எத்துணை மலிவாயினும், வாங்காதிருத்தலே நன்று. மலிவென்று வாங்கிய கருவி மூன்றாம் மாரியில் மூலையில் முடங்கினால் அது மலிவன்று. பாடசாலைக் கணக்கில் அதுவும் சொத்தாக எழுதப்பட்டிருத்தலின், புதிது கேட்கவும் வாயில்லாமற் போகின்றது.

கருவியைப் பெறுவோரும் தம் கடமையை அறிதல் வேண்டும். ஒளித்திரையைப் பட்டும் பொலித்தீனுமாய்ப் போர்த்திவைத்து, திறப்பு அதிபரின் அலுமாரியில் இருக்கக் காண்கின்றோம். பொலித்தீன் உறையுள் ஈரம் சேர்வதற்கு அதனினும் சிறந்த வழி கிடையாது. போர்த்தத்தான் வேண்டுமெனிற் பருத்தித் துணியாற் போர்த்துக. நாள்தோறும் சிறிது நேரம் இயக்குக; உள்ளெழும் வெம்மையே ஈரத்தை ஓட்டும். எறும்பு புகுகின்றதென்று காற்றுத்துளைகளின் மேல் ஒட்டுநாடா ஒட்டியவரையும் யாம் அறிவோம். அவர் பெயர் வேண்டா.

நமது தொழினுட்பப் பிரிவு மாணவர்கள் இதனைக் கண்ணாற் காண ஒரு சோதனையை முன்மொழிகின்றோம். ஒரேயளவான ஆறு பிளாஸ்ரிக் பெட்டிகள் போதும். மூன்றை இறப்பர் வளையமிட்டு முற்றாக மூடுக. மூன்றில் துளையிட்டு மென்சவ்வு ஒட்டுக. ஒவ்வொன்றினுள்ளும் நிறம் மாறும் சிலிக்கா மணிகளில் ஒரு கரண்டியும், துலக்கிய செம்புக் கம்பி ஒரு துண்டும் இடுக. மூடியதில் ஒன்றும் சவ்வுள்ளதில் ஒன்றுமாகக் கடற்கரையில் ஒரு சோடி, வாவிக்கரையில் ஒரு சோடி, படுவான்கரையில் ஒரு சோடி எனத் தொங்கவிட்டு, தை முடிந்தபின் திறந்து நிறுத்துப் பார்க்க. சவ்வுத்துண்டுகள் விரல்நகத்தளவினவே, பின்புறம் பசையிட்டு ஒட்டுத்தாளாகவே விற்கின்றனர். கடிதவுறையில் வைத்து அனுப்பலாம். அனுப்ப விழையும் பழைய மாணவர் ஐப்பசி பிறக்குமுன் அனுப்புக. வாடை தொடங்கும்போது பெட்டிகள் மரத்தில் இருத்தல் வேண்டும்.